தூக்கிப்போட்ட கணக்கு திரும்பி வந்த கதை

டென்னிஸ் அம்பயர் கையில் வைத்திருக்கும் ஸ்கோர் அட்டையில் 15 என்ற எண்ணே கிடையாது. வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள்; ஒவ்வொரு வரிசையிலும் மேல் பாதி, கீழ் பாதி. சர்வ் போடுகிறவர் புள்ளி எடுத்தால் மேலே ஒரு சாய்கோடு, எதிராளி எடுத்தால் கீழே ஒரு சாய்கோடு. ஏஸ் விழுந்தால் கோட்டுக்குப் பதிலாக ‘ஏ’, இரண்டு சர்வும் தவறினால் ‘டி’. முதல் சர்வ் மட்டும் தவறினால் ஒரு சின்னப் பொட்டு. பென்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருக்க, வாய் மட்டும் ‘ஃபிஃப்டீன், தேர்ட்டி, ஃபார்ட்டி’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். வங்கி உத்தியோகத்தோடு சேர்த்து இந்த வேலையையும் வெகுகாலம் பார்த்தவன் நான். லைனில் குனிந்து நின்றிருக்கிறேன், உயரமான நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஜூனியர் போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் அப்பாக்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “ஏன் சார், ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினா என்ன குறைஞ்சு போச்சு?”

நியாயமான கேள்வி. அதற்கு எல்லோரும் கைவசம் வைத்திருக்கும் பதில் கடிகாரம். அந்தக் காலத்தில் மைதானத்தின் ஓரம் ஒரு கடிகார முகப்பை வைத்து, புள்ளிக்குக் கால் வட்டமாக முள்ளை நகர்த்தினார்களாம். 15, 30, 45, முழு வட்டம் சுற்றினால் கேம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு 15-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் புழங்கிவிட்டது. அன்றைய கடிகாரங்களில் பெரும்பாலும் மணி முள் ஒன்றுதான். 1656-இல் ஊசல் கடிகாரம் வந்து நேரம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகுதான் நிமிட முள்ளுக்கே வேலை வந்தது.

15-ஆம் நூற்றாண்டு என்று சொல்வதற்கு எனக்குப் பிடித்த சாட்சி ஒரு கைதி. ஓர்லியான் கோமகன் சார்ல் 1415-இல் அஜின்கோர்ட் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1440 வரை இங்கிலாந்தில் சிறையிருந்தவர். காவலில் இருந்தபடியே கவிதை எழுதித் தள்ளினார். ஒரு கவிதையில் முதுமையோடு பந்து விளையாடுகிறார். ஆடி ஆடி இப்போது 45-க்கு வந்து நிற்கிறோம் என்கிறார். அவர் பிறந்தது 1394. வயதும் 45, ஸ்கோரும் 45. இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டம் முடிந்தது. இப்படி ஒரு சிலேடை வாசகருக்கு விளக்கமில்லாமல் எட்ட வேண்டுமென்றால், அந்தக் கணக்கு ஏற்கெனவே ஊரறிந்ததாக இருந்திருக்க வேண்டும். 1522-இல் ஈராஸ்மஸ் மாணவர்களுக்காக எழுதிய லத்தீன் உரையாடல்களிலும் பந்து விளையாடும் பையன்கள் முப்பது, நாற்பத்தைந்து என்றுதான் எண்ணுகிறார்கள். நாற்பது என்பது பிறகு வந்த சுருக்கம். ஒரு நாளில் நூறு தடவை கத்திச் சொல்ல வேண்டிய வார்த்தையின் வாலை நறுக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து தொண்டை கட்டியவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஏன் பதினைந்து என்பது ஈராஸ்மஸ் காலத்திலேயே மறந்துபோயிற்று போலிருக்கிறது. 1555-இல் அன்டோனியோ ஸ்கைனோ என்ற இத்தாலியப் பாதிரியார் பந்தாட்டத்துக்கென்றே ஒரு நூல் எழுதி, இந்தக் கணக்குக்குத் தத்துவ விளக்கம் தேடுகிறார். 1579-இல் பாரிஸில் அரச நூலகத்தைப் பராமரித்த ழான் கொஸ்லான் இதற்காகவே தனிப் பிரசுரம் போட்டார். கொஸ்லான் வானியலும் கணிதமும் தெரிந்தவர். எனவே அவருக்கு விடை வானத்தில் கிடைத்தது: வட்டத்தின் ஆறில் ஒரு பங்கு 60 பாகை, அதில் கால்பங்கு 15. பிற்காலத்தில் கைக்கடிகாரம் கட்டியவர்களுக்கு அதே எண்ணில் கடிகாரம் தெரிந்தது. அவரவர் கையில் எது இருந்ததோ அதுவே விளக்கம் ஆனது.

எனக்கு ஒப்புக்கொள்ள முடிகிற விளக்கம் காசு. ஜெர்மன் ஆய்வாளர் ஹைனர் கில்மைஸ்டர் சொல்வது இது: பிரான்சில் புழங்கிய ‘குரோ தூர்னுவா’ என்ற வெள்ளிக்காசின் மதிப்பு ஒரு கட்டத்தில் 15 தெனியர். புள்ளிக்கு ஒரு காசு என்று பந்தயம் வைத்தால் நான்கு புள்ளிக்கு 60. ஆட்டக்காரர்கள் புள்ளியை எண்ணவில்லை, பந்தயப் பணத்தை எண்ணினார்கள். இதற்கு ரசீது எதுவும் கிடைக்கப் போவதில்லை. ஆனால் ‘ழ தெ போம்’ என்ற அந்த உள்ளங்கைப் பந்தாட்டம் சூதோடு ஒட்டிப் பிறந்தது என்பதில் சந்தேகமில்லை. 1397-இல் பாரிஸ் நகர அதிகாரி, வேலை செய்து பிழைக்கிற சனங்கள் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் இதை ஆடக்கூடாது என்று உத்தரவே போட வேண்டியிருந்தது. வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டுப் பணத்தைத் தொலைக்கிறார்கள் என்பது புகார்.

‘லவ்’ என்ற பூஜ்யமும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பிரெஞ்சுக்காரர்கள் முட்டையை ‘லஃப்’ என்பார்கள், முட்டை பூஜ்யம் மாதிரி இருக்கும், அது திரிந்து லவ் ஆயிற்று என்று ஒரு கதை உண்டு. பாரிஸில் நடக்கும் ரோலான் காரோஸ் போட்டியில் அம்பயர் சொல்வதைக் கேளுங்கள்: ‘காஞ்ஸ், ஸெரோ’. அவர்கள் பூஜ்யம் என்றுதான் சொல்கிறார்கள். முட்டை இங்கிலாந்தில் பொரித்தது. காசு வைக்காமல் ஆசைக்காக ஆடுவதை ஆங்கிலத்தில் லவ்வுக்காக ஆடுவது என்பார்கள். கையில் ஒன்றும் இல்லாதவன் ஆசைக்குத்தானே ஆடுகிறான். ‘டியூஸ்’ பற்றித் தகராறே இல்லை: இருவரும் சமம், ஜெயிக்க இன்னும் இரண்டு வேண்டும் என்ற பொருளில் பிரெஞ்சில் சொன்ன ‘ஆ தெ’.

அந்தப் பழைய ஆட்டம் செத்துவிடவில்லை. ரியல் டென்னிஸ் என்ற பெயரில் லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இன்றும் ஆடுகிறார்கள். நான்கு சுவருக்குள் அடைத்த கூடம். மூன்று பக்கம் தாழ்வாரம் போலச் சாய்ந்த கூரை. அந்தக் கூரை மேல் பந்தை உருட்டிவிடுவதுதான் சர்வீஸ். நடுவில் தொய்ந்த வலை. பந்து இரண்டு தடவை தரையில் குதித்தால் நம் ஆட்டத்தில் புள்ளி போச்சு. அங்கே போகாது. இரண்டாவது குதி எந்தக் கோட்டருகே விழுந்ததோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, பக்கம் மாறிய பிறகு எதிராளி அதைவிடப் பின்சுவருக்கு நெருக்கமாகப் பந்தை விழவைக்கிறானா என்று பார்த்துத்தான் புள்ளி தீர்ப்பாகும். இதை நினைவில் வைத்துக் குறிப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு. அவர் பெயர் மார்க்கர்.

நம்மூர் கிளப்புகளில் டென்னிஸ் ஆடியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். காலையில் வலையைக் கட்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, ஜோடி கிடைக்காத மெம்பரோடு நின்று அடிக்கிறவர் மார்க்கர். மெம்பரைவிட நன்றாக ஆடுவார். மெம்பரிடம் ஜெயிக்க மாட்டார். எனக்கு ஸ்கோர் சொல்லக் கற்றுக்கொடுத்தவரும் அப்படி ஒருவர்தான். “தம்பி, சர்வ் போடறவர் கணக்கை முதல்ல சொல்லணும். அதுல குழம்பினீங்கன்னா ரெண்டு பேரும் உங்க மேல பாய்ஞ்சுடுவாங்க” என்பார். ரியல் டென்னிஸில் அந்த விதியே வேறு: கடைசிப் புள்ளியை யார் எடுத்தாரோ அவர் கணக்கைத்தான் மார்க்கர் முதலில் கூவுவார். அங்கே ஒரே ஆள் தொடர்ந்து பல கேம்கள் சர்வ் போடலாம். இங்கே கேமுக்குக் கேம் மாறுகிறது, யார் சர்வ் என்பதே பாதி ஆட்டம்.

இவ்வளவும் பூர்வீகம். பழைய கணக்கு அப்படியே வழிவழியாக வந்து சேர்ந்தது என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். வரவில்லை. நடுவில் ஒருமுறை அதைத் தூக்கிப்போட்டார்கள்.

போட்டவர் மேஜர் வால்டர் கிளாப்டன் விங்ஃபீல்ட். 1874-இல் புல்வெளியில் ஆடும் புது ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கி, வலை, கம்பம், மட்டை, ரப்பர் பந்து, விதிப்புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடைத்து ஐந்து கினிக்கு விற்றார். ‘ஸ்ஃபைரிஸ்டிகே’ என்று கிரேக்கத்தில் பெயர் வேறு. வாங்கியவர்கள் அதை ‘ஸ்டிக்கி’ ஆக்கிவிட்டார்கள். ஆடுகளம் உடுக்கை வடிவம், வலையருகே இடுப்பு ஒடுங்கியிருக்கும். கணக்கு மட்டும் தெளிவானது: ராக்கெட்ஸ் என்ற சுவர்ப்பந்தாட்டத்திலிருந்து எடுத்தது. 15 புள்ளி எடுத்தால் ஆட்டம். சர்வ் கையில் உள்ளவர்தான் புள்ளி எடுக்க முடியும். எதிராளி ஜெயித்தால் சர்வ் கைமாறும், புள்ளி ஏறாது. பழைய பேட்மின்டனும் வாலிபாலும் ஆடியவர்களுக்கு இது பழக்கமானதே. 1875-இல் மேரில்போன் கிரிக்கெட் கிளப் இந்த ஆட்டத்துக்குப் பொது விதி வகுத்தபோதும் அதே 15 புள்ளிக் கணக்கைத்தான் வைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கேள்வி கேட்கிற அப்பாக்கள் விரும்பியது அப்போதே நடைமுறையில் இருந்தது.

அதை மாற்றியது மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி. 1868-இல் தொடங்கி, லண்டனின் தென்மேற்கே விம்பிள்டனில் வோர்ப்பிள் ரோட்டில் இடம் பிடித்த ஆல் இங்கிலாந்து குரோக்கே கிளப், 1877-இல் ஒரு லான் டென்னிஸ் போட்டி நடத்தத் தீர்மானித்தது. புல்தரையைச் சமன்படுத்த மட்டக்குதிரை இழுக்கும் உருளை பழுதாகிவிட்டது, அதற்குப் பணம் வேண்டும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். விதிகளை வகுக்க ஹென்றி ஜோன்ஸ், ஜூலியன் மார்ஷல், ஹீத்கோட் மூவரும் உட்கார்ந்தார்கள். மார்ஷல் ரியல் டென்னிஸ் பைத்தியம். அடுத்த வருஷமே அதன் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டவர். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிறவர் ஜோன்ஸ். தொழில் மருத்துவம், புகழ் சீட்டாட்டத்தில். ‘கேவண்டிஷ்’ என்ற புனைபெயரில் விஸ்ட் ஆட்டத்துக்கு அவர் எழுதிய நூலைத்தான் அன்றைய இங்கிலாந்து வேதமாக வைத்திருந்தது.

மூவரும் விங்ஃபீல்டின் உடுக்கையை நேராக்கி, 78 அடி நீளம் 27 அடி அகலம் என்று செவ்வகம் ஆக்கினார்கள். இன்றும் அதே அளவு. 15 புள்ளிக் கணக்கை எடுத்துவிட்டு, கூடத்துக்குள் அடைந்து கிடந்த 15, 30, 40-ஐப் புல்வெளிக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மேசையில் மார்ஷல் மட்டும் இருந்திருந்தால் பழம்பெருமை என்று விட்டுவிடலாம். ஜோன்ஸ் இருந்தார் என்பதால்தான் இதில் வேறு கணக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். சீட்டாட்டக்காரனுக்குத் தெரியும்: ஒவ்வொரு கையும் முடிந்ததும் சீட்டைக் கலைத்துப் புதிதாகப் போட்டால்தான் தோற்கிறவன் எழுந்து போகமாட்டான். நேர்க்கோட்டுக் கணக்கில் 14–3 என்று பின்தங்கியவன் மனசுக்குள் பையைக் கட்டத் தொடங்கிவிடுவான். கேம், செட் என்று அடுக்கினால் 40–0-வில் தோற்ற கேமும் டியூஸில் பலமுறை இழுத்துத் தோற்ற கேமும் ஒரே கணக்கு; அடுத்ததில் இருவரும் பூஜ்யத்திலிருந்து.

போட்டிக்கு 22 பேர் பெயர் கொடுத்தார்கள். மழையால் தள்ளிப்போன இறுதி ஆட்டம் ஜூலை 19-இல் நடந்தது. ஷில்லிங் கொடுத்துப் பார்த்தவர்கள் சுமார் 200 பேர். ஸ்பென்சர் கோர் 6–1, 6–2, 6–4 என்று வில்லியம் மார்ஷலை வென்றார். நடுவராக இருந்த ஜோன்ஸ் அத்தோடு விடவில்லை. எல்லா ஸ்கோர் அட்டைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு கூட்டிப் பார்த்தார்: மொத்தம் 601 கேம், சர்வ் போட்டவர் ஜெயித்தது 376, எதிராளி ஜெயித்தது 225. சர்வீஸுக்கு இவ்வளவு சாதகம் கூடாது என்று வலை உயரத்திலும் சர்வீஸ் கோட்டின் தூரத்திலும் பிற்பாடு கை வைத்தார்கள். இன்று கணினி வைத்து முதல் சர்வ் சதவீதம் போடுகிறவர்களுக்கெல்லாம் மூத்தவர் பென்சிலோடு உட்கார்ந்த இந்தச் சீட்டாட்டக்காரர்.

அடுத்த வருஷம், 1878-இல், கோரைத் தோற்கடித்தவர் இலங்கையிலிருந்து விடுமுறையில் வந்த காப்பித் தோட்டத் துரை. பெயர் ஃபிராங்க் ஹேடோ. முன்னால் ஓடி வந்து வலையருகே நின்று அடிக்கும் கோரின் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் போட்டே ஜெயித்தார். 7–5, 6–1, 9–7. ஆறோடு முடிக்காமல் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை போகலாம் என்ற விதி அந்த மூன்றாவது செட்டில் வேலை செய்தது. கோப்பையைக் காப்பாற்ற அவர் மறுவருஷம் திரும்பவில்லை. தோட்டத்துக்குப் போய்விட்டார். இதே 1877, 78-இல்தான் சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் தின்றுகொண்டிருந்தது. இலங்கை மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள் நம் மாவட்டங்களிலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள். விம்பிள்டன் வரலாற்றுப் புத்தகங்களில் ‘சிலோன் பிளான்டர்’ என்ற இரண்டு வார்த்தையைத் தாண்டி இது வராது.

கணக்கைக் கலைத்துப் போடுவதன் பலனை நம்மவர் ஒருவர் 1966 டிசம்பரில் கல்கத்தாவில் எடுத்தார். டேவிஸ் கோப்பையில் பிரேசிலோடு 2–2. கடைசி ஆட்டத்தில் ராமநாதன் கிருஷ்ணனும் தாமஸ் கோக்கும். கோக் இரண்டு செட்டுக்கு ஒன்று முன்னிலை, நான்காவதில் 5–2. இன்னும் ஒரே ஒரு கேம். மொத்தப் புள்ளியைக் கூட்டி யார் முன்னால் என்று பார்க்கிற ஆட்டமாக இருந்திருந்தால் ஜனங்கள் எழுந்து பஸ் பிடிக்கப் போயிருக்கலாம். கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம் எடுத்து 7–5, அடுத்த செட் 6–2. இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது.

இதே ஆட்டத்தின் மூன்றாவது செட்டைப் பாருங்கள்: 10–12. ஜோன்ஸ் கமிட்டி திறந்துவிட்ட கதவின் மறுபக்கம் அது. முடிவு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. 1969 விம்பிள்டனில் 41 வயது பான்ச்சோ கொன்சாலஸ், சார்லி பாசரெலோடு 112 கேம் ஆடினார். முதல் செட் மட்டும் 22–24. இரண்டு நாளில் 5 மணி 12 நிமிடம். இதைச் சகிக்க முடியாமல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் ஒரு பணக்காரர் வெகுநாளாகக் குமுறிக்கொண்டிருந்தார். ஜிம்மி வான் ஆலன். 15, 30, 40, டியூஸ், அட்வான்டேஜ் எல்லாவற்றையும் ஒழித்து 21 அல்லது 31 புள்ளிக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணும் முறையைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசுப்பணம் கொடுத்துப் போட்டியெல்லாம் நடத்திப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால் மனிதர் ரியல் டென்னிஸில் அமெரிக்க சாம்பியனாக இருந்தவர். அந்தக் கணக்கு பிறந்த வீட்டிலேயே வளர்ந்தவர்தான் அதைக் கொளுத்தத் தீப்பெட்டி தேடினார்.

அவருக்குக் கிடைத்தது டைபிரேக்கர் மட்டும். 1970 அமெரிக்க ஓபனில் ஒன்பது புள்ளி டைபிரேக்கர் வந்தது. 4–4 என்றால் அடுத்த புள்ளியில் இருவருக்கும் வாழ்வா சாவா. அந்த நேரத்தில் மைதானத்தில் சிவப்புக் கொடி ஏற்றினார்கள். ஆட்டக்காரர்கள் அலறினார்கள். சில வருஷத்தில் இரண்டு புள்ளி வித்தியாசம் கேட்கும் இன்றைய முறை அதன் இடத்தைப் பிடித்தது. வான் ஆலனுக்கு அது பிடிக்கவில்லை. 1991 ஜூலையில் அவர் இறந்தார். அதே வாரம் விம்பிள்டன் அரையிறுதியில் ஸ்டெஃபான் எட்பெர்க் ஒரு சர்வீஸ் கேமைக்கூட இழக்காமல், மூன்று டைபிரேக்கரில் மிக்கேல் ஸ்டிக்கிடம் தோற்றார்.

கடைசி செட்டுக்கு மட்டும் டைபிரேக்கர் வேண்டாம் என்று விம்பிள்டன் பிடிவாதமாக இருந்தது. 2010-இல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹுவும் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடி, ஐந்தாவது செட் 70–68 என்று முடித்தார்கள். 47–47-இல் மின்பலகை நின்றுபோனது. அதைச் செய்தவர்கள் அதற்கு மேல் ஒரு ஸ்கோர் வரும் என்று யோசிக்கவில்லை. அம்பயர் முகமது லஹ்யானி நாற்காலியிலேயே இருந்தார். எழுந்து போய் வர நேரமில்லாத வேலை எது என்று தெரிந்தவன் என்பதால் அந்த ஆட்டத்தில் நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மஹு எடுத்த புள்ளி 502, ஜெயித்த இஸ்னர் எடுத்தது 478. 2019 இறுதியிலும் அப்படித்தான்: ஃபெடரருக்கு 218, ஜோகோவிச்சுக்கு 204, கோப்பை ஜோகோவிச்சுக்கு. அதிகம் எடுத்தவன் தோற்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாப் புள்ளிக்கும் ஒரே விலை என்று யாரும் ஒப்பந்தம் போடவில்லையே. 2022 முதல் நான்கு பெரிய போட்டிகளிலும் கடைசி செட் 6–6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக்கர்.

டைபிரேக்கரில் லவ் கிடையாது; விதிப்புத்தகம் அங்கே ‘ஸீரோ’ என்றுதான் சொல்லச் சொல்கிறது. புது அம்பயர்கள் முதல் வாரம் கட்டாயம் ‘ஒன் – லவ்’ என்று உளறுவார்கள். வான் ஆலன் பிடித்த அந்தச் சின்ன மனைக்குள் பழைய கணக்கு வராது. அதற்கு வெளியே அவர் ஆட்கள் இன்னும் முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள். 2017-இல் மிலானில் இளைஞர்களுக்காக நடத்திய போட்டியில் செட்டை நான்கு கேமாக வெட்டினார்கள், அட்வான்டேஜை எடுத்துவிட்டார்கள், டியூஸ் வந்தால் அடுத்த புள்ளியில் முடிவு. லைன் அம்பயர்களையும் எடுத்துவிட்டுக் கேமராவை வைத்தார்கள். விம்பிள்டன் 2025-இல் அதையே செய்தது. 147 வருஷமாகக் கோட்டருகே நின்றவர்களுக்கு அங்கே இனி வேலை இல்லை. மிலானில் அன்று நாற்காலியில் இருந்தவர் மட்டும் வழக்கம்போல ‘ஃபிஃப்டீன் – லவ்’ என்று தொடங்கினார்.